பூஞ்சை பிடித்த கேசட்டில் ஐந்து எழுத்துகள்

ஏழு மாதம் என் மேசையைவிட்டு நகராமல் இருந்த ஒரு விஎச்எஸ் கேசட்டை, போன மாசியில் கூடலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் சாக்குத் திரை கட்டி ஓட்டிக் காட்டினேன். மொத்தம் 47 நிமிடம். அதில் 11 விநாடி என் அவசரத்தால் அழிந்துபோனது. மீதி ஓடியது. இடையில் செய்த தவறுகள் மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்கும் ஒருவருக்கு அந்த 11 விநாடியாவது மிஞ்சட்டும்.

நான் வீடியோவில் கலைப்படைப்புகள் செய்கிறவன். சில ஆண்டுகளாக இலங்கை மலையகத்திலிருந்து நீலகிரிக்கு வந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களின் கதையைத் தேடி அலைகிறேன். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று எண்ணிக்கை போட்டுப் பிரித்தது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு இராமானுஜம் கப்பல் 1984 வரை ஓடியது. மண்டபம் முகாமில் இறங்கி, அங்கிருந்து எங்கெங்கோ அனுப்பப்பட்டார்கள். நீலகிரிக்கு வந்தவர்களில் பலருக்கு வேலை கொடுத்தது, இவர்களுக்காகவே 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம். அதுதான் பின்னால் டான்டீ எனும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. ஒப்பந்தத்தின் வாசகம் நூலகத்தில் கிடைக்கிறது. அந்த மக்கள் எப்படி ஆடினார்கள், எதைச் சுமந்து வந்தார்கள் என்பதற்குப் படம் கிடைப்பதுதான் அரிது. அதனால்தான் ஒரே ஒரு கேசட்டுக்கு இத்தனை பாடு.

கேசட் ஓர் அம்மாயியின் வீட்டில் இருந்தது. வயது எண்பதை நெருங்குகிறது; கொழுந்து பறித்தே ஓய்ந்த கைகள். 1991-இல் அவர் கணவர், கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கும் ஒருவரைக் கூட்டிவந்து மன்மதன்–ரதி கதையை ஆடும் குடியிருப்பின் காமன் கூத்தைப் பதிவு செய்திருக்கிறார். உறையில் பேனாவால் 'காமன் 91' என்று எழுதியிருந்தது. கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தால், சுருளின் மேல் மாவு தூவியதுபோல் வெள்ளைப் பூஞ்சை. கூடலூர் மழையில் முப்பது ஆண்டுக்கு மேல் பரணில் கிடந்தால் வேறு எப்படி இருக்கும்? நகரத்தில் ஒரு கடையில் கொடுத்தபோது இரண்டே நாளில் 'ஓடாது' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

என் முதல் தவறு, அதை ஓட்டிப் பார்த்தது. 4,200 ரூபாய்க்குப் பழைய விசிஆர் ஒன்று வாங்கியிருந்தேன். ஒரு நிமிடம்தான் பார்க்கலாமே என்று போட்டேன். மன்மதன் வேடக்காரரின் கிரீடம் தெரிந்தது. உடனே திரை முழுக்கப் புள்ளி. பூஞ்சை உதிர்ந்து, நாடாவிலிருந்து படத்தைப் படிக்கும் படமுனையை (வீடியோ ஹெட்) அடைத்துவிட்டது. நிறுத்து பொத்தானை அழுத்தினால் நாடா உருளையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மேல்மூடியைக் கழற்றி விரலால் விடுவிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு நாடா மடிந்து கசங்கிவிட்டது. இந்தியாவில் புழங்கிய பால் (PAL) வீடியோ முறையில் விஎச்எஸ் நாடா விநாடிக்கு 2.34 சென்டிமீட்டர்தான் நகரும். ஆக, 25 சென்டிமீட்டர் என்பது 11 விநாடி. ரதி முதன்முதலாகக் களத்துக்குள் வரும் இடம் அது.

அதன்பின் ஒழுங்காகத் தொடங்கினேன். முதலில் காய வைத்தல். மூடி இறுக்கமான பிஸ்கட் தகர டப்பாவில் அரைக் கிலோ சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி, கேசட். அளவு 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்க மூன்று வாரம் பிடித்தது. சூடு காட்டவில்லை. ஒட்டும் பசை கசியும் நாடாக்களை அடுப்பில் வாட்டுவது வேறு வைத்தியம். பூஞ்சைக்கு அது பொருந்தாது. ஈரம் போனதும் பஞ்சுபோல் இருந்த பூஞ்சை பொடியானது. பொடியானால்தான் துடைக்க வரும். ஈரமாக இருக்கும்போது தொட்டால் இழுபட்டுப் பரவும்.

துடைக்க ஒரு சுற்றுப்பலகை செய்தேன். 600 ரூபாய்க்கு வாங்கிய செத்த விசிஆரிலிருந்து சுருள் தாங்கும் இரண்டு வட்டுகளைப் பிடுங்கி, 60 சென்டிமீட்டர் பலகையில் 40 சென்டிமீட்டர் இடைவெளியில் பொருத்தினேன். கேசட் கூட்டின் அடியிலுள்ள ஐந்து திருகுகளைக் கழற்றி, இரண்டு சுருள்களையும் எடுத்துப் பலகையில் மாட்டினேன். நடுவில் கொடியில் துணி மாட்டும் கிளிப் இரண்டு. அவற்றின் வாயில் மடித்த மைக்ரோஃபைபர் துணி. நாடா அந்த மடிப்புக்குள் நுழைந்து போகும். முகக்கவசம், கையுறை இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. பூஞ்சைப் பொடி நெஞ்சில் கட்டிக்கொள்ளும். நான் மொட்டை மாடியில் உட்கார்ந்து செய்தேன். முழு நாடா 258 மீட்டர். நிதானமாகக் கையால் சுற்றினால் ஒரு முறைக்கு முக்கால் மணி நேரம். ஆறு முறை சுற்றினேன். முதல் முறை துணியில் சாம்பல் நிறக் கோடு அழுத்தமாக விழுந்தது. ஐந்தாவது முறையில் கோடே இல்லை. சுருளின் பக்கவாட்டில் ஒட்டியிருந்ததை மட்டும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒற்றி எடுத்தேன். ஆல்கஹால், கையுறை, முகக்கவசம், சிலிக்கா ஜெல் எல்லாம் சேர்ந்து 1,150 ரூபாய். பூஞ்சை ஏறிய பழைய கூட்டைத் திரும்பப் பயன்படுத்தவில்லை. வேறொரு கேசட்டின் கூட்டில் சுருள்களை மாற்றினேன். உறையை மட்டும் வைத்துக்கொண்டேன், அதில் அம்மாயியின் கணவரின் கையெழுத்து இருக்கிறது.

கசங்கிய 25 சென்டிமீட்டரை வெட்டி எறியவில்லை. இரண்டு முனையிலும் நேராக வெட்டி, வெறும் நாடா ஒரு சாண் வைத்து, முதுகுப் பக்கத்தில், நாடா இணைக்கவென்றே உள்ள ஒட்டுநாடாவால் இணைத்தேன். வெட்டிய துண்டு ஒரு காகித உறையில் இருக்கிறது. சாதாரண செலோடேப் கூடாது. அதன் பசை சில மாதங்களில் வழிந்து படமுனையில் ஏறும்.

படமுனையைத் துடைத்ததிலும் ஒரு தவறு. காது குடையும் பஞ்சுக் குச்சியால் மேலும் கீழுமாகத் தேய்த்தேன். படமுனை மயிரிழை போன்றது. பஞ்சின் நார் சிக்கினால் ஒடிந்துவிடும். நல்லவேளையாக ஒடியவில்லை. சரியான வழி: ஆல்கஹால் தொட்ட மான்தோல் துண்டைப் படமுனை பதிந்த உருளையின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் உருளையை மட்டும் மெதுவாகச் சுற்ற வேண்டும். துண்டைச் செங்குத்தாக அசைக்கவே கூடாது.

இப்போது படம் வந்தது. ஆனால் இருபது விநாடிக்கு ஒருமுறை உருண்டு ஓடியது. பாட்டும் தப்புப் பறையின் சத்தமும் ஓரளவு ஒழுங்காகக் கேட்டன. நாடாவின் மேல் விளிம்பில் ஒலி இருக்கிறது. கீழ் விளிம்பில் படத்தை வேகம் தப்பாமல் பிடிக்கும் கட்டுப்பாட்டுத் தடம் இருக்கிறது. கேசட்டைப் பரணில் படுக்க வைத்திருந்ததால் கீழ்ப்பக்கம்தான் ஈரத்தைக் குடித்திருக்கிறது. கீழ் விளிம்பை மட்டும் இன்னும் இரண்டு முறை துடைத்தேன். உருள்வது பாதிக்கு மேல் குறைந்தது. மீதியை, 1,500 ரூபாய்க்குக் கிடைத்த பழைய டிவிடி ரெக்கார்டர் சரிசெய்தது. விசிஆரின் மஞ்சள் வயரை நேரே கணினிக்குக் கொண்டுபோகாமல் இந்த ரெக்கார்டருக்குள் நுழைத்து வெளியே எடுத்தால், கோணிக்கொண்டு வரும் படக்கோடுகளை அது நிமிர்த்தி அனுப்புகிறது. எல்லா ரெக்கார்டரும் இதைச் செய்யாது. வாங்குமுன் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கணினியில் ஏற்ற முதலில் வாங்கிய 750 ரூபாய்க் கருவி முழு நட்டம். நடுநடுவே படங்களை விழுங்கியது. 47 நிமிடம் முடியும்போது தப்பு அடிக்கும் கைக்கும் சத்தத்துக்கும் இரண்டு விநாடி இடைவெளி. அடுத்து 3,800 ரூபாயில் வேறொன்று வாங்கினேன். 720-க்கு 576 புள்ளி, விநாடிக்கு 25 படம், தரம் இழக்காமல் சுருக்கும் கோப்பாகப் பதிவு செய்ததில் ஏறக்குறைய 25 ஜிபி வந்தது. இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுத்தபின்தான் அடுத்த வேலை.

இந்த நாடாவின் ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளால் ஆனது: ஒற்றைக் கோடுகள் ஒரு பாதி, இரட்டைக் கோடுகள் மறு பாதி. ஒரு பாதி முதலில் எடுக்கப்பட்டது, மற்றது ஐம்பதில் ஒரு விநாடி கழித்து. எந்தப் பாதி முதல் என்பதை நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஆடுகிறவர்களின் கால்கள் முன்னே போய்ப் பின்னே வந்து நடுங்கின. நாடாவின் கோளாறு என்று நினைத்துத் தேவையில்லாமல் ஒரு வாரம் துடைத்துக்கொண்டிருந்தேன். வரிசையைத் திருத்தி, பாதிகளைச் சேர்த்துக் குழைக்காமல் தனித்தனிப் படமாகப் பிரித்து விநாடிக்கு 50 ஆக்கியதும் எல்லாம் மாறிவிட்டது. தப்பு அடிப்பவரின் வலக்கையில் பருத்த அடிக்குச்சி எப்போதும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. இடக்கையின் சிண்டுக்குச்சி ஈர்க்குப் போல மெலிந்தது. 25 படக் கணக்கில் அது ஒரு புகைக்கீற்றாகக் கலைந்துபோயிருந்தது. 50-இல் அது தனியாகத் துடித்தது. தப்பின் பேச்சில் பாதி அந்தச் சின்னக் குச்சியில்தான் இருக்கிறது. அன்றிரவு அந்த இடத்தையே எத்தனை முறை ஓட்டினேன் என்று கணக்கில்லை.

மிகப் பெரிய தவறு இதற்குப் பிறகுதான். படம் மங்கல், பெரிய திரையில் காட்ட வேண்டும், செயற்கை நுண்ணறிவால் பழைய வீடியோவைத் தெளிவாக்கும் மென்பொருள் ஒன்றில் கொடுத்தேன். கணினி முப்பது மணி நேரம் ஓடியது. வந்த முகங்கள் பளிச்சென்று இருந்தன. ஆனால் அவை யாருடைய முகங்கள்? முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டியின் மூக்குத்தி மறைந்து, சுருங்கிய கன்னம் வழுவழுப்பாகி, கண்கள் வேறொருவருடையவையாக இருந்தன. 31-ஆவது நிமிடத்தில் ரதியின் நகைகளை எடுக்க ஒரு தகரப்பெட்டியைத் திறக்கிறார்கள். படமெடுத்தவர் பெட்டியின் மூடியை ஒன்பது விநாடி நெருக்கமாகக் காட்டுகிறார். மூடியில் வெள்ளை வண்ணத்தில் ஏதோ எழுத்து. மென்பொருள் அதைக் கூர்மையாக்கித் தந்தது: எந்த மொழியிலும் சேராத வளைவுகள். தமிழ் எழுத்தின் சாயலில் அது தானாக வரைந்துவிட்டது. பெயர் அழிந்துபோனவர்களைப் பற்றி வேலை செய்கிற நான், கருவியின் கையில் ஒரு பெயரை அழிக்கக் கொடுத்திருக்கிறேன் என்று உறைத்தபோது கை நடுங்கியது. அந்தக் கோப்பை அழித்தேன்.

பெட்டி மூடியை மட்டும் வேறு வழியில் முயன்றேன். ஒன்பது விநாடியில் கேமரா அசையாத பகுதியிலிருந்து 64 படங்களைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்தேன். நாடாவின் புள்ளிகள் படத்துக்குப் படம் இடம் மாறும்; எழுத்து மாறாது. 64 படம் சேர்ந்தால் புள்ளியின் இரைச்சல் எட்டில் ஒன்றாகிறது. இதில் கருவி எதையும் இட்டு நிரப்புவதில்லை. கிடைத்தது அதிகம் இல்லை: நடுவில் 'ண்டு', கடைசியில் 'யா'. முன்னால் ஏதோ ஓர் எழுத்து, இடையில் ஒன்று. அப்படியே விட்டேன். ஒலியில் 50, 100, 150 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலை மட்டும் வெட்டினேன். வெட்டிய 11 விநாடிக்கு அதே நீளத்தில் கருப்புத் திரை வைத்தேன்.

திரைக்குச் சாக்கு என்பது முதலிலிருந்தே முடிவு. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்கு அதே சாக்குதான். ஐம்பது கிலோ சணல் சாக்கு பன்னிரண்டு, ஒன்று 40 ரூபாய். பிரித்துத் தைக்கத் தையல்காரருக்கு 300. மூன்று மீட்டர் அகலத் திரை வேண்டும் என்று ஒன்பது சாக்கைச் சேர்த்தேன். வாடகைக்கு எடுத்த 3,000 லூமென் புரொஜெக்டரில் வீட்டில் போட்டுப் பார்த்தபோது ஏமாற்றம். சாக்கு ஒளியைக் குடித்துவிட்டது. கேமராவில் அளந்தால் வெள்ளைச் சுவரில் கிடைத்ததில் கால் பங்குக்கும் குறைவு. சுண்ணாம்பு அடித்தேன், மடித்ததும் பொடியாகக் கொட்டியது. பின்னால் நான்கு மீட்டர் காடாத் துணி கட்டினேன். சாக்கின் துளை வழியே ஓடிய ஒளியில் கொஞ்சம் திரும்பி வந்தது. கடைசியில் பிடிவாதத்தை விட்டு, படத்தை 1.8 மீட்டர் அகலத்துக்குச் சுருக்கினேன். பரப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகியதால் வெளிச்சம் மூன்று மடங்கை நெருங்கியது. புரொஜெக்டர் 2.7 மீட்டர் தூரத்தில். இதைத் தாளில் கணக்குப் போட்டிருந்தால் எட்டு சாக்கு மிச்சமாகியிருக்கும்.

போன மாசியில், கூத்துக்கான காமன் கம்பம் ஊன்றிய மறுநாள் இரவு, குடியிருப்பின் சமுதாயக் கூடத்துக்கு முன்னால் இரண்டு மூங்கிலில் திரையைக் கட்டினோம். எட்டு மணிக்கு மின்சாரம் போனது. கூடத்து இன்வெர்ட்டரில் 280 வாட் புரொஜெக்டரை ஓட்டலாம் என்று முன்பே கணக்குப் பார்த்து வைத்திருந்தது உதவியது. எதிர்பாராதது பனி. சாக்கு ஈரம் ஏறிக் கனத்து நடுவில் நான்கு சென்டிமீட்டர் தொய்ந்தது. இளைஞர் ஒருவர் அடியில் ஒரு மூங்கிலைக் கோத்து இரண்டு முனையிலும் செங்கல் கட்டினார். தொய்வு நின்றது.

ஓடத் தொடங்கியதும் யாரும் அமைதியாகப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பெயர் எழுந்தது. அது என் மாமா, அது செத்துப்போன பெரியம்மா, அந்தக் குழந்தை நான். கருப்புத் திரை வந்த 11 விநாடியில் யாரோ ரதி வரும்போது பாடும் பாட்டை எடுத்தார். நான்கைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். எல்லாவற்றையும் என் கைப்பேசியில் பதிவு செய்தேன். ஆனால் ஒரே ஒரு மைக், அதுவும் என் பக்கத்தில். பின்வரிசைப் பெயர்கள் கேட்கவில்லை. அடுத்த முறை கூட்டத்துக்கு நடுவே மூன்று இடங்களில் ஒலிப்பதிவுக் கருவி வைப்பேன். படத்தைவிட அந்தப் பேச்சு எனக்கு முக்கியம்.

31-ஆவது நிமிடத்துப் பெட்டி வந்ததும் படத்தை நிறுத்தி, 64 படம் சேர்த்த மூடியைக் காட்டினேன். பள்ளிப் பிள்ளைகள் 'ண்டு', 'யா' என்று கூட்டிக்கூட்டிப் படித்துத் திணறினார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாயி, "பூண்டுலோயா" என்றார். அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கப்பலேறுமுன் அவர் அப்பா, சாமான் மாறிப்போகாமல் இருக்கத் தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்த ஒருவரைக் கொண்டு இலங்கையில் தாங்கள் இருந்த ஊரின் பெயரை எழுத வைத்தாராம். எழுதும்போது அம்மாயி பக்கத்தில் நின்று பார்த்தாராம். பிறகு என் பக்கம் திரும்பி, "பெட்டி வீட்டில்தான் இருக்கிறது தம்பி" என்றார்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் இருந்தது. மூடி 61-க்கு 36 சென்டிமீட்டர். பேத்தியின் கல்யாணத்துக்கு நீல எனாமல் அடித்திருக்கிறார்கள். எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. கைப்பேசி ஃபிளாஷில் எடுத்தால் நீலம் மட்டும்தான். சன்னலைச் சாத்திவிட்டு, டார்ச்சை மூடியோடு மூடியாகப் படுக்க வைத்து, ஒளி பக்கவாட்டில் வழுக்கிப் போகும்படி அடித்தேன். பழைய வண்ணத்தின் மேடு நிழல் விட்டது. 'பூ'வின் சுழி முதலில் எழும்பியது. அம்மாயி அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

டார்ச்சைக் கையில் பிடித்து எடுத்த படங்கள் சரியில்லை. ஒளியின் தூரம் ஒவ்வொன்றிலும் வேறுபட்டுவிட்டது. பெட்டியில் சேலைகளும் ரேஷன் அட்டையும் இருந்ததால் மேலே தூக்கி வைக்கவும் முடியவில்லை. இதுவரை வண்டிச் செலவு 3,500, புரொஜெக்டர் இரண்டு நாளுக்கு 3,600, மூங்கிலும் கயிறும் காடாத் துணியும் ஏறக்குறைய 900. எல்லாம் சேர்த்து 21,000 ரூபாயை நெருங்கியிருக்கிறது. அடுத்த பயணத்துக்கு ஒரு முக்காலி, ஒரு சின்ன எல்இடி விளக்கு, கருப்புத் துணி போதும். பங்குனி முடிந்ததும் பெட்டியைக் காலி செய்து வைப்பதாக அம்மாயி சொல்லியிருக்கிறார். மூடியைச் சுற்றி எட்டுத் திசையிலிருந்தும் ஒரே தூரத்தில் விளக்கைப் பிடிக்க, 150 சென்டிமீட்டர் அளந்து ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன்.